கையால ஓட்டின மாடல் ரயிலைப் பதிஞ்சு வச்சு அப்படியே திரும்ப ஓட விட முடியுமா?

உங்க கேள்வியை நான் இப்படித்தான் புரிஞ்சுகிட்டேன். வீட்ல ஒரு ஹெச்ஓ (நிஜத்துல 87-ல ஒரு பங்கு அளவு) லேஅவுட் இருக்கு, ரெண்டு லோகோ, மூணு பாயின்ட் (தண்டவாளம் பிரியற இடம்), ரயிலுக்குக் கட்டளை அனுப்பற கருப்பு இசட் 21 கமாண்ட் ஸ்டேஷன். ஒரு நாள் பொறுமையா உக்காந்து கையால ஒரு ஷண்டிங் பண்ணியிருக்கீங்க, லோகோ வந்து ரெண்டு வேகனை சைடிங்ல விட்டுட்டு, லூப்ல சுத்திப் போய் மறுபக்கமா வந்து மாட்டி இழுத்துகிட்டு கிளம்புது, மனசுக்கு நிறைவா வந்துடுச்சு. அதைப் பதிஞ்சு வச்சுகிட்டு வீட்டுக்கு யாராவது வர்றப்ப ஒரு பட்டனை அமுக்கினா ரயில் தானா அதே மாதிரி ஓடணும், லோகோவுக்குள்ள கட்டளையை வாங்கி மோட்டரை ஓட்டற டிகோடர்லதான் மெமரி இருக்கே, அதுலயே பதிய முடியாதான்னு கேக்கறீங்க.

இதுல ரெண்டு கேள்வி ஒட்டிகிட்டு இருக்கு. நீங்க கொடுத்த கட்டளைகளைப் பதிய முடியுமாங்கறது ஒண்ணு, முடியும், பெரிய வேலையே இல்ல. ரயில் எங்கெங்க போச்சு எங்க நின்னுச்சுங்கறதைப் பதிய முடியுமாங்கறது இன்னொண்ணு, உங்களுக்கு உண்மையில வேணுங்கறது இதுதான், இது வெறும் டிசிசியால (தண்டவாளம் வழியாவே லோகோவுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பற முறை) மட்டும் நடக்காது. நான் ஃபேக்டரி ஆட்டோமேஷன்ல, கன்வேயர் கண்ட்ரோல்ல 18 வருஷமா வேலை பாக்கறேன், கடைசி 11 வருஷம் ஜெர்மனியில, இங்க ஊர்ல இருக்கற கிளப்போட மாடுலர் லேஅவுட்டுக்கு கண்ட்ரோல் பகுதி என் பொறுப்பு. நீங்க கேக்கறதை நான் நாலஞ்சு விதமா பண்ணிப் பாத்திருக்கேன்.

முதல்ல டிகோடரைப் பத்தி அடிச்சுச் சொல்லக்கூடியதைச் சொல்லிடறேன். டிகோடர்ல இருக்கற மெமரி சிவி-ன்னு சொல்ற செட்டிங்ஸுக்கான இடம். சிவி 1-ல முகவரி, சிவி 2-ல கிளம்பற வோல்டேஜ், சிவி 3-ல வேகம் ஏறற விதம், சிவி 4-ல வேகம் இறங்கற விதம், இப்படி. கரண்ட் போனாலும் அந்த எண்கள் அழியாது, ஆனா அது ஒரு லோகோவோட சுபாவத்தை எழுதி வச்ச தாள் மாதிரி, பயண டைரி கிடையாது. "பத்தாவது செகண்ட்ல இந்த வேகம், முப்பதாவது செகண்ட்ல நில்லு"ன்னு ஒரு வரிசையை வாங்கி வச்சுக்கற இடம் அதுல இல்ல. டிகோடருக்குள்ளயே தானா ஓடற ஒரு விஷயம்னா லென்ஸ் கம்பெனி கொண்டு வந்த ஏபிசி பிரேக்கிங்ல வர்ற ஷட்டில், அதாவது தண்டவாளத்தோட ரெண்டு முனையிலயும் டயோடு வச்ச ஒரு மாட்யூலைப் போட்டு சிக்னலோட ரெண்டு பாதியையும் சமமில்லாம ஆக்கிடுவாங்க, டிகோடர் அதைக் கண்டுபிடிச்சு நின்னு, கொஞ்சம் காத்திருந்து, திரும்பிப் போகும். ஒரு பிராஞ்ச் லைன்ல ரயில்கார் முன்னும் பின்னும் போறதுக்கு அது அருமையான ஏற்பாடு. உங்க ஷண்டிங்குக்கு ஆகாது.

அப்ப பதியறது எங்கன்னா, கட்டளை போற வழியில. டிசிசியில த்ராட்டில் (கையில வச்சு ஓட்டற கருவி) நேரா லோகோகிட்ட பேசறதில்ல, கமாண்ட் ஸ்டேஷன்கிட்ட சொல்லுது, அது தண்டவாளத்துல பாக்கெட்டா அனுப்புது. ஒரு "ஒண்ணு" பிட்டுக்குப் பாதிக்கு 58 மைக்ரோசெகண்ட், "சைபர்" பிட்டுக்குப் பாதிக்கு 100 மைக்ரோசெகண்ட் அளவு, ஒரு வேகக் கட்டளை முழுசாப் போய்ச் சேர 7, 8 மில்லிசெகண்ட் ஆகும். இதை ஏன் சொல்றேன்னா, ரீப்ளே சரியா வரலைன்னா எல்லாரும் முதல்ல சந்தேகப்படறது "கம்ப்யூட்டர் லேட்டா அனுப்புதோ"ன்னுதான். ஹெச்ஓ-ல நிஜ ரயிலோட 60 கிலோமீட்டர் வேகம்னா மேசை மேல செகண்டுக்கு சுமார் 19 சென்டிமீட்டர். ஒரு பாக்கெட் தாமதம்னா ஒண்ணரை மில்லிமீட்டர். 50 மில்லிசெகண்டே தாமதம்னாலும் ஒரு சென்டிமீட்டர்தான். பிரச்சினை அங்க இல்லவே இல்ல.

பிரச்சினை என்னன்னா வேகக் கட்டளைங்கறது ஒரு வேண்டுகோள். "128-ல 40-வது ஸ்டெப்ல போ"ன்னு சொல்றோம், அந்த 40-வது ஸ்டெப்னா செகண்டுக்கு எத்தனை சென்டிமீட்டர்னு எந்தத் தரத்துலயும் எழுதல, அது அந்த மோட்டர், அந்த கியர், அன்னைக்கு இருக்கற கிரீஸ், இழுக்கற வேகன் எல்லாம் சேர்ந்து முடிவு பண்றது. நல்ல டிகோடர்ல பேக் ஈஎம்எஃப் இருக்கும், அதாவது மோட்டருக்குப் போற கரண்டை ரொம்பக் குறைஞ்ச நேரம் நிறுத்தி, சுத்திகிட்டு இருக்கற மோட்டர் தானா உண்டாக்கற வோல்டேஜை அளந்து, வேகம் குறைஞ்சிருந்தா கூட்டும். அது இருந்தா ஏத்தத்துல திணறாது, மெதுவா போறப்ப அழகா போகும். ஆனா அளக்கறது மோட்டரை, தண்டவாளத்து மேல எவ்ளோ தூரம் நகர்ந்துச்சுங்கறதை இல்ல. சக்கரம் கொஞ்சம் வழுக்கினாலோ அழுக்கால ஒரு நொடி கரண்ட் விட்டுப் போனாலோ அதுக்குத் தெரியாது. குளிர்ந்த மோட்டருக்கும் கால் மணி நேரம் ஓடின மோட்டருக்கும் வேகம் ஒண்ணா இருக்காது, இதை நான் ஸ்டாப் வாட்ச் வச்சு பாத்திருக்கேன், எவ்ளோ வித்தியாசம்ங்கறது லோகோவுக்கு லோகோ மாறுது, அதனால ஒரு பொது எண்ணைச் சொல்ல மாட்டேன்.

சும்மா 2 சதவீதம்னு வச்சுக்குவோம். 30 செகண்ட் ஓட்டத்துல அஞ்சே முக்கால் மீட்டர் போகும், அதுல 2 சதவீதம்னா பதினொண்ணரை சென்டிமீட்டர். பாயின்ட்டைத் தாண்டி நிக்க வேண்டிய லோகோ பாயின்ட் மேலயே நின்னா போதும், அடுத்த கட்டளையில பாயின்ட் மாறும், லோகோவோட முன் போகி (சக்கரத் தொகுதி) ஒரு பக்கமும் பின் போகி ஒரு பக்கமுமா போய் விழும். ஷண்டிங்ல பிழை கூடிகிட்டே வேற போகும், ஏன்னா ஒவ்வொரு அசைவும் முந்தின அசைவு முடிஞ்ச இடத்துலேருந்துதான் ஆரம்பிக்குது.

எங்க கிளப்ல ரெண்டு நாள் கண்காட்சிக்கு நான் முதல் தடவை செஞ்சது இந்த நேரக் கணக்குப் பதிவுதான். த்ராட்டிலையும் கமாண்ட் ஸ்டேஷனையும் இணைக்கற லோகோநெட் பஸ்ல (பொதுக் கம்பியில) போற எல்லாத்தையும் ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட்ல நேரத்தோட எழுதி வச்சு, அதையே திரும்ப அனுப்பினேன். லோகோநெட்ல இது சுலபம், ஏன்னா த்ராட்டில் பேசறது பாயின்ட் மாறறது எல்லாமே அந்த ஒரே கம்பியில எல்லாருக்கும் கேக்கற மாதிரி போகுது. (எக்ஸ்பிரஸ்நெட்னு இன்னொரு இணைப்பு வேற மாதிரி, அங்க கமாண்ட் ஸ்டேஷன் ஒவ்வொரு த்ராட்டிலா கூப்பிட்டுக் கேக்கும், ஓரமா நின்னு ஒட்டுக் கேக்கறது அவ்ளோ எளிசு இல்ல.) காலையில ஹால் குளிரா இருந்தப்ப ரயில் பிளாட்ஃபார்முக்கு 40 சென்டிமீட்டர் முன்னாடியே நின்னுடுச்சு, மத்தியானம் அதே பதிவு, அதே லோகோ, பிளாட்ஃபார்மைத் தாண்டிப் போய் நின்னுச்சு.

ரெண்டாவது நாள் காலையில நடந்தது இன்னும் மோசம். லோகோநெட்ல வேகக் கட்டளையில லோகோவோட முகவரி போறதில்ல, கமாண்ட் ஸ்டேஷன் அந்த லோகோவுக்கு ஒதுக்கின ஸ்லாட் நம்பர்தான் போகுது. முந்தின நாள் கூட்ஸ் லோகோ ஸ்லாட் 3-ல இருந்துச்சு, மறுநாள் ஆன் பண்ணினப்ப வேற வரிசையில லோகோக்களைக் கூப்பிட்டதால ஸ்லாட் 3-ல ரயில்கார் உக்காந்திருந்துச்சு. பதிவை ஓட விட்டேன், யார்டோட அந்தக் கடைசியில சும்மா நின்ன ரயில்கார் கிளம்பி நேரா பஃபர் ஸ்டாப்ல இடிச்சுது. யாராவது பஸ்ல போற பைட்டை அப்படியே பதிஞ்சு அனுப்பற ஸ்கிரிப்ட் கொடுத்தாங்கன்னா முதல்ல இதைத்தான் பாருங்க, ஸ்லாட்டை முகவரியா மாத்திட்டுப் பதியுதான்னு. உங்க இசட் 21-ல நெட்வொர்க் வழியா வர்ற தகவல்ல லோகோ முகவரியே நேரா வரும், அதனால இந்தக் குழி உங்களுக்கு இல்ல.

அப்ப எப்படித்தான் பதியறது? வீட்ல சமையல் சொல்லிக் கொடுக்கறப்ப "எண்ணெய் ஊத்தி 45 செகண்ட்ல உளுந்து போடு"ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, "கடுகு வெடிச்சதும் போடு"ன்னுதான் சொல்லுவாங்க. அடுப்பு வேற, வாணலி வேற, ஆனா கடுகு வெடிக்கறது பொது. ரயிலுக்கும் அந்த மாதிரி "வெடிக்கற" இடங்கள் வேணும், அதாவது சென்சார். பதியறப்ப "12-வது செகண்ட்ல வேகத்தைக் குறைச்சேன்"னு எழுதாம "சென்சார் 4-ஐத் தொட்டதுக்கப்புறம் ரெண்டு செகண்ட் கழிச்சுக் குறைச்சேன்"னு எழுதணும். ஒவ்வொரு சென்சார்லயும் கடிகாரம் சைபராகும், சேர்ந்த பிழையும் அங்கயே கழிஞ்சு போகும். அதே 2 சதவீதப் பிழை, ஆனா கடைசி சென்சார்லேருந்து நிக்கற இடம் 30 சென்டிமீட்டர்னா தப்பு 6 மில்லிமீட்டர்தான். அந்தக் கடைசித் தூரத்தை ஊர்ற வேகத்துல போக விட்டா இன்னும் குறையும்.

இதை ரெடியா செய்யற ஒண்ணு இருக்கு, ஜேஎம்ஆர்ஐ, இலவச ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், இசட் 21-ஓட நேரா இணையும். அதுல வாரண்ட்னு ஒரு பகுதி இருக்கு, அதுக்குள்ள லேர்ன் மோட். முதல்ல லேஅவுட்டை பிளாக் பிளாக்கா (தனித்தனி தண்டவாளத் துண்டுகளா) வரைஞ்சு எந்த பிளாக்குலேருந்து எதுக்குப் போகலாம்னு சொல்லணும், அப்புறம் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து ரெக்கார்டை ஆரம்பிச்சா அது ஒரு த்ராட்டில் விண்டோவைத் திறக்கும், அதுலதான் ஓட்டணும், நீங்க கையில வச்சிருக்கற த்ராட்டில்ல ஓட்டினா வாரண்ட்ல ஏறாது. வேகம், திசை, விளக்கு, ஹாரன் எல்லாம் எந்த பிளாக்ல, எவ்ளோ நேரம் கழிச்சுன்னு வரிசையாப் பதியும். ஓட விடறப்ப அடுத்த பிளாக்குக்குள்ள ரயில் நுழைஞ்சது தெரிஞ்சாத்தான் அந்த பிளாக்குக்கான கட்டளைகளுக்குப் போகும். பதிஞ்ச வரிகளைக் கையால திருத்தவும் முடியும், எனக்கு அதுலதான் பாதி நேரம் போச்சு, ஏன்னா நாம கையால ஓட்டறப்ப தேவையில்லாம குமிழைத் திருகிகிட்டே இருப்போம், அந்த நடுக்கம் எல்லாம் அப்படியே பதிஞ்சிருக்கும். அதே சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு லோகோவுக்கும் ஸ்பீட் ப்ரொஃபைல் அளந்து வைக்கலாம், தெரிஞ்ச நீளத்தை எந்த ஸ்டெப்ல எவ்ளோ நேரத்துல தாண்டுதுன்னு. அதைக் கட்டாயம் பண்ணுங்க.

சென்சாருக்கு உங்க இசட் 21-ல ஆர் பஸ்னு சென்சார் தகவல் வர்ற இணைப்பு இருக்கு, எட்டு இன்புட் இருக்கற ஃபீட்பேக் மாட்யூல் ஒண்ணு போதும் உங்க அளவுக்கு. என்ன வகை சென்சார்ங்கறதுல ஆளாளுக்கு ஒரு கட்சி. கரண்ட் இழுக்கறதை வச்சுக் கண்டுபிடிக்கறது பிளாக் முழுசுக்கும் காவல், லோகோ அங்க நின்னாலும் தெரியும், ஆனா விட்டுட்டுப் போன வேகன் தெரியணும்னா அதோட ஆக்சில்ல 10 கிலோஓம் மாதிரி ஒரு ரெசிஸ்டர் ஒட்டணும். ரீட் ஸ்விட்சும் (காந்தம் பக்கத்துல வந்தா மூடற ஸ்விட்ச்) லோகோ அடியில ஒரு குட்டிக் காந்தமும் வச்சா இடம் துல்லியமா கிடைக்கும், ஆனா கடந்து போன கணம் மட்டுந்தான் தெரியும். ஷண்டிங்குக்கு நான் ரெண்டையும் கலந்துதான் போடுவேன், சைடிங் முழுசுக்கும் கரண்ட் சென்சார், நிக்க வேண்டிய இடத்துக்கு முன்னாடி ஒரு ரீட். மார்க்லின் கம்பெனியோட மூணு கம்பித் தண்டவாளம் வச்சிருக்கறவங்களுக்கு இந்தக் கவலையே இல்ல, ஒரு பக்கத்துக் கம்பியைக் கொஞ்ச நீளம் தனியாப் பிரிச்சு விட்டா எந்தச் சக்கரம் ஏறினாலும் கான்டாக்ட் கிடைச்சுடும், எனக்கு அதுல எப்பவும் ஒரு பொறாமை உண்டு.

தண்டவாளத்துல சென்சாரே இல்லாம பதிவும் ரீப்ளேயும் கொடுத்த கம்பெனி உண்டான்னு கேட்டா, அமெரிக்காவுல எம்டிஎச் கம்பெனியோட டிசிஎஸ் சிஸ்டம்ல ரிமோட்லயே ரெக்கார்ட், பிளேபேக் இருந்துச்சு. அது ஓரளவு நம்பிக்கையா ஓடினதுக்குக் காரணம் அவங்க லோகோவுல ஃப்ளைவீல் மேல கோடு போட்ட டேப் ஒட்டி, ஒளி சென்சார் வச்சு மோட்டர் சுத்தறதை நேரடியா எண்ணினாங்க, கட்டளையும் "ஸ்டெப் 40"ன்னு இல்லாம இத்தனை மைல் வேகம்னு போகும். அதுலயும் ரயில்கள் பதிய ஆரம்பிச்சப்ப எங்க நின்னுச்சோ அதே இடத்துலேருந்துதான் கிளம்பணும். இந்த ஆரம்ப இடம்ங்கறதை யாருமே கண்டுக்கறதில்ல. எங்க தொழில்ல எந்த மெஷினும் வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஹோமிங் பண்ணும், தன்னோட சைபர் இடத்தைத் தொட்டுட்டு வரும். உங்க பதிவோட முதல் வரியும் அதுவாத்தான் இருக்கணும், லோகோ மெதுவா பின்னால போய் ஒரு ரீட்டைத் தொட்டு நிக்கட்டும், பாயின்ட் மூணும் ஆரம்ப நிலைக்கு மாறட்டும், அப்புறம் கதை தொடங்கட்டும். கடைசி வரியும் லோகோவை அங்கயே கொண்டு வந்து விடணும், இல்லன்னா அடுத்த தடவை பட்டனை அமுக்க முடியாது.

சிவி விஷயத்துல ஒரு எச்சரிக்கை. பதிவுல இருக்கறது கட்டளை, அதை அசைவா மாத்தறது டிகோடர். சிவி 4-ல 20 போட்டிருந்தா, அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ தரத்துப்படி 20-ஐ 0.896-ஆல பெருக்கி, முழு வேகத்துலேருந்து நிக்க கிட்டத்தட்ட 18 செகண்ட். (சில கம்பெனி டிகோடர்ல இந்தப் பெருக்கற எண் வேற, உங்க டிகோடரோட புத்தகத்தைப் பாத்துக்கங்க.) பதிஞ்சதுக்கப்புறம் யாராவது அதை 10 ஆக்கினா, பதிவுல ஒரு எழுத்து மாறாமலே ரயில் வேற இடத்துல நிக்கும். நான் பண்றது, பதியப் போற லோகோவுல சிவி 3, சிவி 4 ரெண்டையும் ரொம்பச் சின்ன எண்ணா வச்சுட்டு, மெதுவா ஏத்தி இறக்கறதை பதிவே செய்யற மாதிரி விட்டுடுவேன். சில பேர் இதுக்கு நேர் எதிரா, நிலையான பிரேக் தூரம்னு டிகோடர்ல இருக்கற வசதியை நம்புவாங்க, எந்த வேகத்துல வந்தாலும் அதே தூரத்துல நிறுத்தப் பாக்கும், ஸ்டேஷன்ல வந்து நிக்கறதுக்கு அது நல்லாவே வேலை செய்யும், ஊர்ந்து ஊர்ந்து போற ஷண்டிங்குக்கு எனக்கு அது ஒத்து வரல. இது என் அனுபவம்தான், இதுல சரி தப்புன்னு ஒண்ணும் இல்ல.

இப்ப நான் உறுதி கொடுக்க முடியாத இடம். உங்க ஷண்டிங்கோட உயிரே வேகனைக் கழட்டறதும் மாட்டறதும்தான், அங்கதான் மெஷினுக்கு கைப்பக்குவம் கிடையாது. கையால ஓட்டறப்ப கப்ளிங் விடலன்னா கண்ணால பாத்து ஒரு சென்டிமீட்டர் பின்னால தள்ளி மறுபடி இழுப்பீங்க, அது உங்களுக்கே நினைவு இருக்காது, பதிவுக்கு அது தெரியாது. லோகோவுல டிஜிட்டல் கப்ளர் இருந்தா ஈஎஸ்யூ, ஜிமோ கம்பெனி டிகோடர்கள்ல ஒரு ஃபங்ஷனை அமுக்கினா தானா கொஞ்சம் தள்ளி, கொக்கியைத் தூக்கி, விலகி வர்ற வசதி இருக்கு, ஜெர்மன்காரங்க அதை கப்ளிங் வால்ட்ஸ்னு சொல்றாங்க, பதிவுக்கு அது பெரிய உதவி. வெறும் அன்கப்ளர் ராம்ப்ல (தண்டவாளத்துல வச்சு கொக்கியைத் தூக்கி விடற சரிவு), வேகனுக்கு வேகன் மாறி மாறி நடக்குது, பத்து தடவை சரியா விட்ட வேகன் பதினோராவது தடவை லோகோவோடயே வந்துடும். அதனால கழட்டினதுக்கப்புறம் லோகோ போன பின்னாடியும் சைடிங் சென்சார் "இங்க வேகன் இருக்கு"ன்னு சொல்லுதான்னு பாக்கற ஒரு வரியைப் போடுங்க, சொல்லலன்னா அங்கயே நிறுத்திடட்டும். பாயின்ட்டுக்கும் அதே மாதிரி, அந்த பிளாக் காலியா இல்லாம பாயின்ட் மாறவே கூடாது, அது பதிவுல என்ன எழுதியிருந்தாலும் சரி. ஒரு சென்சார் வர வேண்டிய நேரத்தைப் போல ரெண்டு மடங்கு நேரம் ஆகியும் வரலன்னா மொத்தத்தையும் நிறுத்தணும். மாட்டிகிட்டு நிக்கற லோகோவுக்கு மேல மேல கட்டளை போய்கிட்டே இருந்தா மோட்டர் சூடாகும், இன்னொரு பக்கத்துலேருந்து அடுத்த ரயில் வந்து இடிக்கும்.

ஹாம்பர்க்ல 2001-ல திறந்த மினியாடூர் வுண்டர்லாண்ட்ல ஆயிரத்துக்கு மேல ரயில் இருக்கு, போய் நின்னு பாத்தா எல்லாம் பதிஞ்சு வச்சு ஓட விட்ட மாதிரிதான் தோணும். ஆனா அங்க கம்ப்யூட்டர் ஓட்டறது தண்டவாளத்துலேருந்து வர்ற தகவலைப் பாத்துத்தான், எந்த பிளாக் காலி, எந்த ரயில் எங்க வந்துச்சுன்னு. அவ்ளோ பெரிய இடத்துல வெறும் கடிகாரத்தை நம்பினா ஒரு மணி நேரம் தாங்காது.

நீங்க ஆரம்பிக்கறதுன்னா முழு ஷண்டிங்கையும் ஒரே மூச்சுல பதிய வேண்டாம். ஒரு லோகோ, ஒரு ரீட் ஸ்விட்ச், ஒரே ஒரு அசைவு, சைடிங்குக்குள்ள போய் நிக்கறது மட்டும். தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடைச்சுட்டு, லோகோவைக் கால் மணி நேரம் சுத்த விட்டு சூடாக்கிட்டு, அந்த அசைவை 20 தடவை ஓட்டி நின்ன இடத்தை ஒவ்வொரு தடவையும் ஸ்கேல் வச்சு அளந்து எழுதுங்க. அதுக்கப்புறம் மறுநாள் காலையில சூடாக்காம இன்னொரு 20. இந்த ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் வருதோ அதை வச்சுத்தான் உங்களுக்கு எத்தனை சென்சார் வேணும், எங்க வேணும்னு சொல்ல முடியும். அந்த எண்களையும் டிகோடர் மாடலையும் இங்கயே போடுங்க, பாயின்ட் எங்கெங்க இருக்குன்னு ஒரு பேப்பர்ல கையால வரைஞ்சு ஃபோட்டோ எடுத்துப் போட்டா சென்சார் இடத்தை நான் குறிச்சுத் தர்றேன்.